13 வயது மகளுக்கு மேல் கோரைப்பல் ஈறுக்குள்ளேயே கிடக்கிறது, பிடுங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள், பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மேல் கோரைப்பல் வழக்கமாக 11, 12 வயதில் வெளிவரும். 10 வயதிலேயே உதட்டுப் பக்க ஈறைத் தடவினால் அதன் மேடு விரலில் தட்டுப்படும்; தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. சிக்கிய பல் பல நேரம் அண்ணப் பக்கம் சாய்ந்திருக்கும்.

சீக்கிரம் தெரிந்தால், அங்கே நிற்கும் பால் கோரைப்பல்லை எடுத்தாலே சிலருக்கு அது தானாக வழிக்கு வந்துவிடும். வராவிட்டால், கிளிப் போட்டு இடம் உண்டாக்குவார்கள். அப்புறம் ஈறைத் திறந்து, பல்லில் மெல்லிய சங்கிலி ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். சரி, பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து: பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அது வலியே இல்லாமல் கரைத்துவிடக்கூடும்.