5 ஜிகாஹெர்ட்ஸில் வைஃபை ஏபி (ஆக்சஸ் பாயின்ட்) ஏன் எழும்ப மறுக்கிறது? வடசென்னைக் கேள்விகளுக்குப் பதில்கள்

தண்டையார்பேட்டை: சார், பழைய லேப்டாப்ல உபுண்டு போட்டு, அதையே வைஃபை ஏபியா மாத்தற ஹோஸ்ட்ஏபிடி ஓட்டறேன். 2.4-ல ஓடுது. சேனல் 36 கொடுத்தா உடனே நின்னுடுது. இன்டெல் கார்டு. கன்ட்ரி கோடு ஐஎன்-னு (இந்தியா) வெச்சும் பிரயோஜனம் இல்ல.

பதில்: டெர்மினலில் 'ஐடபிள்யூ ரெக் கெட்' அடிங்க. உங்கள் கார்டுக்கான பகுதியில் 'செல்ஃப் மேனேஜ்ட்' என்று வந்தால், நீங்கள் சொல்லும் நாட்டை அது கேட்காது. சுற்றியுள்ள ஏபிக்கள் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று விடும் அறிவிப்பான பீக்கனை வைத்து, எந்த நாடு என்பதைக் கார்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேரே முடிவு செய்யும். அடுத்து 'ஐடபிள்யூ லிஸ்ட்' வெளியீட்டில் 5180 மெகாஹெர்ட்ஸ் (சேனல் 36) வரியைத் தேடுங்க. பக்கத்தில் 'நோ ஐஆர்' என்று இருந்தால், அந்தச் சேனலில் முதலில் வாய் திறக்கக் கூடாது என்று பொருள். போன் மாதிரி கிளையன்டுக்கு அது பாதகமில்லை. ஏபியின் வேலையே முதலில் பீக்கன் விடுவதுதான், அதனால் நின்றுவிடுகிறது.

கார்டு இப்படித் தானே நாட்டை முடிவு செய்வதை நிறுத்த, பழைய குறிப்புகளில் 'லார் டிசேபிள்' என்று ஒரு ஆப்ஷன் சொல்லியிருப்பார்கள். புதிய லினக்ஸ் கர்னல்களில் அதை எடுத்துவிட்டார்கள், தேடி நேரத்தை வீணாக்காதீங்க. மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ள யுஎஸ்பி அடாப்டர் வாங்குங்க. கர்னல் 4.19 முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது, புதிய கர்னல்களில் ஏபி மோடும் வேலை செய்யும். அட்டையில் உள்ள பிராண்டைப் பார்த்து வாங்க வேண்டாம், சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்க.

ராயபுரம்: எனக்கு கன்ட்ரி 00-ன்னே நிக்குது. 'ரெக் செட் ஐஎன்' கொடுத்தாலும் மாறல.

பதில்: 00 என்பது உலகப் பொது விதி. அதில் 2.4-இன் சேனல் 1 முதல் 11 வரைதான் ஏபிக்கு ஆகும். 5 ஜிகாஹெர்ட்ஸ் முழுக்க நோ ஐஆர். டிமெசேஜில் (கர்னலின் பதிவு) 'ரெகுலேட்டரி டாட் டிபி' என்ற நாட்டு விதிக் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று வந்திருக்கிறதா பாருங்க. வந்திருந்தால் வயர்லெஸ்-ரெக்டிபி பேக்கேஜைப் போட்டு ரீபூட் செய்யுங்க. ஹோஸ்ட்ஏபிடி கான்ஃபிகில் கன்ட்ரி கோடு ஐஎன், ஐஇஇஇ80211டி 1 என்ற இரண்டு வரியும் இருக்கட்டும்.

பாரிமுனை: பர்மா பஜார்ல வாங்கின செகண்ட் ஹேண்ட் ஏத்தரோஸ் கார்டுங்க. கன்ட்ரி 98-னு காட்டுது. அப்படி ஒரு நாடே இல்லையே?

பதில்: நாடு இல்லை. கார்டின் ஈப்ராமில் (நிரந்தர நினைவகம்) எழுதியிருக்கும் நாட்டு விதியும் நீங்கள் கொடுத்த ஐஎன் விதியும் சேர்ந்தால், இரண்டுமே அனுமதிக்கும் பகுதி மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்தின் குறிதான் 98. கார்டு அமெரிக்காவுக்கானது என்றால் சேனல் 12, 13 கிடைக்காது. கட்டளை கொடுத்து இந்த வேலியைச் சுருக்கத்தான் முடியும், அகலப்படுத்த முடியாது. ஈப்ராமைத் திருத்தும் பேட்ச்களைத் தொடாதீங்க. அனுமதியில்லாத அலைவரிசையில் ஒலிபரப்புவது குற்றம், கார்டும் கெடலாம். 1, 6, 11-ல் எது காலியோ அதில் போடுங்க.

காசிமேடு: ண்ணா, சேனல் 52 போட்டா ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டுதான் ஏபி வருது. அப்புறம் திடீர்னு சேனல் மாறுது. ஹார்பர் ரேடாரா?

பதில்: அந்த ஒரு நிமிடம் கோளாறில்லை தம்பி. 52 முதல் 144 வரை டிஎஃப்எஸ் சேனல்கள், அதாவது ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. ரேடார் இருக்கிறதா என்று 60 நொடி கேட்ட பிறகுதான் பேச வேண்டும். துறைமுகத்து வானிலை ரேடார் எஸ் பேண்ட், 3 ஜிகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. கப்பல் ரேடார்கள் 3, 9 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம். அதனால் அவை காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வேறு ரேடியோ இரைச்சலைக் கார்டு ரேடார் என்று எண்ணிக்கொள்வதுண்டு. 36 அல்லது 149 போடு, இரண்டுக்கும் டிஎஃப்எஸ் கிடையாது.

திருவொற்றியூர்: மாடியில் 14 டிபிஐ ஆன்டெனா வெச்சு அடுத்த தெருவுக்கு 2.4-ல் கொடுக்கலாமா? லிமிட் என்ன?

பதில்: கொடுக்கலாம். 2005 அறிவிக்கைப்படி டிரான்ஸ்மிட்டர் 1 வாட், ஆன்டெனாவோடு சேர்ந்த கணக்கு 4 வாட், அதாவது 36 டிபிஎம் (திறனை அளக்கும் அலகு; ஆன்டெனாவின் டிபிஐ-யை இதோடு அப்படியே கூட்டலாம்). கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் ஆன்டெனா இருக்க வேண்டும். கார்டு 20, ஆன்டெனா 14, கேபிள் இழப்பு 2 என்றால் 20+14−2=32, உள்ளே இருக்கிறது. கார்டு 27 என்றால் 39 வரும், தாண்டிவிட்டது. நீங்கள் மாட்டிய ஆன்டெனா கர்னலுக்குத் தெரியாது, நீங்களே குறைக்க வேண்டும்: 'செட் டிஎக்ஸ்பவர் ஃபிக்ஸ்டு 2000'. இது எம்பிஎம் கணக்கு, டிபிஎம்-இல் நூறில் ஒரு பங்கு; 2000 என்றால் 20 டிபிஎம்.

பவரை ஏற்றுவதால் பெரிதாக எதுவும் கிடைக்காது. எதிர் முனையில் இருக்கும் போன் 15 டிபிஎம் அளவில்தான் திரும்பப் பேசும். நான்கு கோடு சிக்னல் காட்டியும் பக்கம் திறக்காமல் சுற்றுவது இதனால்தான். கேபிளைச் சுருக்குங்க, ஆன்டெனாவை நேராகத் திருப்புங்க. உப்புக்காற்றுக்குக் கனெக்டர் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும், செல்ஃப் பாண்டிங் டேப்பால் இறுக்கிச் சுற்றி வையுங்க.