பென்ஷன் வாங்காத சேக்காளிகள்

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். நான் தபால் துறையில் வேலை பார்த்து 2020-இல் ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். 1976-இல் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தோம், பழைய பதினோராம் வகுப்பு. நான் ஓய்வு பெற்ற சமயம் கொரோனா. வீட்டில் அடைந்து கிடந்தபோது மூன்று பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். விசாரித்து விசாரித்து முப்பத்தைந்து பேரைப் பிடித்துவிட்டோம். முதல் வருடம் ஒரே கொண்டாட்டம். குற்றாலத்தில் ரூம் போட்டு ஒரு நாள் கூடினோம், வாத்தியார் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

இப்போது காலையில் பூப்படம், ராத்திரி ‘இனிய இரவு’, நடுவில் யாராவது போய்ச் சேர்ந்தால் வரிசையாக ‘ஆழ்ந்த இரங்கல்’. ஒருத்தன் தன் சாதித் தலைவரின் குருபூஜைப் படம் ஒன்றைப் போட, இன்னொருத்தன் அதைக் கேள்வி கேட்க, சண்டையாகி இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். பெண்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், எதுவும் எழுதுவதில்லை.

இது ஐம்பதாவது வருடம். பொன்விழா நடத்தப் போகிறார்கள். ஆளுக்கு ஐயாயிரம், குற்றாலத்தில் ரிசார்ட், எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட். என்னைப் பொருளாளராகப் போட்டிருக்கிறார்கள். ‘இந்த வயசுல எதுக்கு இந்தக் கூத்து’ என்கிறாள் வீட்டுக்காரி. எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் போனை எடுத்தால் முதலில் அந்தக் குழுவைத்தான் திறக்கிறேன்.

இன்னொன்று. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன் எஸ்.எஸ்.எல்.சி. தவறியதும் சென்னைக்கு மளிகைக்கடை வேலைக்குப் போய், பிறகு சொந்தமாகக் கடை போட்டு, இப்போது ஊருக்கே வந்து சின்னதாகக் கடை வைத்திருக்கிறான். குழுவில் சேரச் சொல்லி நேரில் போய்க் கேட்டேன். ‘எனக்கு எதுக்குடே அதெல்லாம், நீங்க ஆபீசர்மாரு பேசிக்கிடுங்க’ என்று சொல்லிவிட்டான். இந்தப் பள்ளிச் சிநேகிதம் எல்லாம் நிஜம்தானா, இல்லை வேலை போனபிறகு பொழுது போகாத குறையா? என் பெயர் வேண்டாம். குழுவில் உங்கள் தளத்தைப் படிக்கிறவர்கள் உண்டு.

(பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

அன்புள்ள அண்ணாச்சி,

பொழுது போகாத குறைதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் என்ன தப்பு? பதினைந்து வயதில் நீங்கள் ஒன்றாக ஆற்றில் கிடந்ததும் பொழுது போகாமல்தான். அதை யாரும் அப்போது சிநேகிதமா என்று சோதித்துப் பார்க்கவில்லை. எனவே அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பெஞ்சுக்காரர் சொன்ன அந்த வார்த்தை. ‘ஆபீசர்மாரு.’

உங்கள் குழுவில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பிறந்தநாள் வாழ்த்தில் பாதி மே, ஜூன் மாதங்களில் வரும். உங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு அது அம்மா பெற்ற தேதி அல்ல, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. பையன் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆயிற்று, ஜூனில் பள்ளி திறக்கிறது, எழுது ஒரு மே மாதத் தேதியை. அதுவே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஏறி, கடைசியில் மே 31 அன்று ஆபீஸ் ஆபீஸாக மாலையும் பிரிவுரையுமாக முடிகிறது. மாநில அரசு வேலைக்காரர் என்றால் உங்கள் செட்டுக்கு ஐம்பத்தெட்டு, உங்களைப் போல மத்திய அரசு என்றால் அறுபது. உங்கள் பெஞ்சுக்காரருக்கும் அதே வாத்தியார் அதே மாதிரி ஒரு தேதியைப் போட்டிருப்பார். அந்தத் தேதி அவரை எந்த மே 31-லும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இன்றைக்கும் விடியக்காலம் பால் பாக்கெட் இறக்கக் கடையைத் திறக்கிறார்.

1976 மார்ச்சில் நீங்கள் பரீட்சை எழுதியபோது நெருக்கடி நிலை. மாநில ஆட்சி ஜனவரி 31-ஆம் தேதிதான் கலைக்கப்பட்டிருந்தது. பிளஸ் டூ எல்லாம் 1978-இல்தான் வருகிறது. அதனால் உங்கள் செட்டுக்குப் பள்ளிக்கூடம் என்பது பேப்பரில் நம்பர் வந்த அன்றோடு சரி. நம்பர் வந்தவர்களில் வசதிப்பட்டவர்கள் பி.யு.சி.க்கு, அதாவது கல்லூரியிலேயே படிக்கிற ஒரு வருடப் புகுமுக வகுப்புக்கு, பாளையங்கோட்டை சேவியருக்கோ ஜான்ஸுக்கோ பேட்டை இந்துக் கல்லூரிக்கோ போனார்கள். நம்பர் வராதவர்கள் சென்னையில் ஏதோ ஓர் அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடிக்க, தாராவியில் சித்தப்பா வீட்டுப் பரணில் படுக்க, தறிக்கு, வயலுக்கு. பெண்பிள்ளைகள் என்றால் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணைக்கு. இதில் முதல் கூட்டத்தை மட்டும்தான் ஐம்பது வருடம் கழித்து நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். முப்பத்தைந்து பேரையும் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். மாதக் கடைசியில் பென்ஷன் வராத ஆள் எத்தனை பேர் தேறுவார்கள்? அது ஓய்வூதியர் சங்கம் அண்ணாச்சி. நல்ல சங்கமாகவும் இருக்கலாம். ஆனால் 1976 வகுப்பு அது இல்லை. கடைக்காரர் அதைத்தான் ஒரு வார்த்தையில் சொன்னார்.

என் மூத்த அண்ணனும் ஏறக்குறைய உங்கள் செட்டுத்தான், வாத்தியார் வேலை பார்த்து முடித்தவன். அவன் கூட்டாளிகளுக்கு வாட்ஸ்அப் குழு கிடையாது. வீரவநல்லூரில் கூடப்படித்த ஒருவர் தையல்கடை வைத்திருக்கிறார், சாயங்காலம் எல்லோரும் அங்கேதான். கடை வாசலில் ஒரு பழைய மரபெஞ்சு. டெய்லர் மிஷினை விட்டுத் தலையைத் தூக்கமாட்டார், வாய் மட்டும் ஓயாது. யார் வந்தாலும் முதல் வேலை, அன்றைக்குத் தைத்த சட்டைகளுக்குக் காஜா பிசிறை நறுக்கிக் கொடுப்பது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சின்னக் கத்தரியால் நூல் நறுக்குவதை அங்கேதான் பார்த்தேன்.

போன நவம்பரில் நான் போயிருந்தபோது, ரயில்வேயில் கேங்மேனாக இருந்த ஒருவருக்கு, பென்ஷன் நிற்காமல் வர வருடாவருடம் கொடுக்கிற உயிர்வாழ்வுச் சான்று போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தபால்காரரே வீடு தேடி வந்து எழுபது ரூபாய்க்குச் செய்துகொடுக்கிறார். ஆனால் இவருக்கு ஆயுள் பூராவும் சம்மட்டியும் ஜல்லியும் பிடித்த கை. ரேகை தேய்ந்துபோய் எந்த விரலையும் மெஷின் ஏற்கவில்லை. சரி, முகத்தை வைத்துப் போடலாம் என்று டெய்லரின் மகள் தன் போனைக் கொண்டுவந்தாள். அதில் முகத்தைக் காட்டி, சொல்லும்போது கண்ணை இமைக்க வேண்டும். இவர் சமீபத்தில்தான் புரை எடுத்தவர், போனைக் கண்டதும் கண்ணை அகல விரித்து அப்படியே வைத்துக்கொள்கிறார். பெஞ்சில் இருந்த அத்தனை கிழடுகளும் ‘மூடுலே, தொறலே, ஏ மூதி, இப்பம் மூடுலே’ என்று கத்த, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் பதிவாகிவிட்டது. ‘உசுரோடதான் இருக்கான்னு கவருமென்டு ஒத்துக்கிட்டு’ என்றார் டெய்லர், தலையைத் தூக்காமல்.

இந்தக் கூட்டம் நிற்பதற்கு ஒரே காரணம்தான் எனக்குப் படுகிறது. ஓய்வு பெற்றவன் ஓய்வு இல்லாதவன் இருக்கிற இடத்துக்குப் போகிறான். டெய்லரால் கடையை விட்டுவிட்டு ஒரு நாள் குற்றாலத்துக்கு வரமுடியாது, தீபாவளிக்கு முந்தின மாதம் என்றால் பக்கத்துத் தெருவுக்கே வரமுடியாது. நீங்கள் பெஞ்சுக்காரரைப் பார்க்கப் போனது சரி. போனது குழுவில் சேர்க்க என்பதுதான் இடித்திருக்கும். ஒரு வேலையும் இல்லாமல் போய்க் கடையில் உட்காருங்கள். யாவாரம் நடக்கும்போது நடுவில் பேசாதீர்கள், அவ்வளவுதான்.

குருபூஜைப் படத்தை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்குத் தாண்ட மனமில்லை. நம் பக்கத்துப் பள்ளித்தோழர் கூட்டங்களில் தவறாமல் கேட்கும் வசனம், ‘நம்ம படிக்கும்போது எவன்டே சாதி பாத்தான்’. சொல்கிறவர் எந்தத் தெருவிலிருந்து பள்ளிக்கு வந்தவர் என்று பாருங்கள். தண்ணீர்ப் பானைப் பக்கம் போகத் தயங்கி நின்றவர் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு வேறு பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கும். அழைத்தும் வராதவர்களில் சிலர் அதனால்தான் வரவில்லையோ என்று நீங்கள் ஒரு முறையாவது யோசிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப்படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன்பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில், மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது, நெற்றியில் சாதி அடையாளம் கூடாது என்பது வரை எழுத வேண்டியிருந்தது. அந்தப் பையன்களுக்குத் தாத்தா வயது உங்கள் செட்டுக்கு. தாத்தாக்கள் தங்கள் குழுவில் தலைவர் படம் போட்டால் பேரன் கையில் கயிறு கட்டத்தான் செய்வான். வெளியேறிய இருவரில் கேள்வி கேட்டவரும் இருக்கிறாரா? இருந்தால் அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். போனில் பேசிச் சரிசெய்கிற காரியம் இல்லை இது.

பெண்கள் எழுதாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தக் குழுவில் வரும் பொண்டாட்டி ஜோக்குகளை ஒரு வாரத்துக்கு எண்ணிப் பாருங்கள். பத்து வார்த்தை பேசிப் பழகாத பையன்கள் இருந்த வகுப்பு அது, இப்போது அறுபத்தைந்து வயதில் இந்த ஜோக்குக்கு அவர்கள் என்ன பதில் போடுவார்கள்? நான்கு பேரைக் கண்டுபிடித்ததே பெரிய காரியம். அப்பா இனிஷியல் போய்ப் புருஷன் இனிஷியல் வந்து, ஊரும் மாறி, பெண்களைத் தேட வருகைப் பதிவேடு உதவாது. அந்த நான்கு பேரிடம் கேளுங்கள், மீதிப் பேர் எங்கே வாக்கப்பட்டார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் தனியாக ஒரு குழு வைத்திருந்தாலும் வைத்திருப்பார்கள், உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

குழுவை விட்டு விலக வேண்டாம். மியூட்டில் போடுங்கள், போதும். சாவுச் செய்தி தெரிய அது ஒன்றுதான் வழி. செய்தி தெரிந்தால் நேரில் போகலாம்.

இனி விழா. ஐயாயிரம் அதிகம். மும்பையிலிருந்து வருகிறவருக்கு 2020 மார்ச்சோடு ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகையும் போயிற்று, முழு டிக்கெட். அதற்கு மேல் ரிசார்ட்டுக்கும் கொடு என்றால் ஆபீசர்மார் மட்டும்தான் வருவார்கள். வசூலுக்குத் தொகை குறிக்காதீர்கள், முடிந்ததைக் கவரில் போடட்டும், யார் எவ்வளவு என்று குழுவில் பட்டியல் போடாதீர்கள். பள்ளிக்கு ஏதாவது செய்ய மிச்சம் இருந்தால் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகக் கொடுங்கள், அரசுப் பள்ளிக்கு அது நேர்வழி. பொருளாளர் வேலையை அந்தக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடுங்கள். இத்தனை வருடம் கல்லாவில் உட்கார்ந்த மனிதர், நூறு பேர் சாப்பாட்டுக்கு அரிசி எவ்வளவு, இலை எவ்வளவு என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார். இதற்குத் தபால் துறை அனுபவம் பத்தாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இடம் குற்றாலம் வேண்டாம். உங்கள் பள்ளி மைதானமோ, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபமோ போதும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது, யாரிடமும் காசு கேட்காமல் வந்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். தேதி, பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கென்று சென்னைக்காரரும் மும்பைக்காரரும் எப்படியும் ஊருக்கு வந்திருப்பார்கள், நம்மூர் மளிகைக்கடைகள் வருடத்தில் மனதாரப் பூட்டுகிற நாளும் அதுதான். பெரிய வெள்ளி, ஈஸ்டர், நோன்பு எதன்மீதாவது விழுகிறதா என்று பார்த்து, விழுந்தால் ஒரு நாள் முன்பின் தள்ளிக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லாரும் சாஸ்தா கோயில்காரர்கள் இல்லையே.

டி-ஷர்ட்டை மட்டும் எப்படியாவது தடுத்துவிடுங்கள். பங்குனி வெயிலில் அந்தத் துணி உடம்போடு ஒட்டும், தவிர நம் வயிறுகளுக்கு ஒரே மாதிரி அளவில் ஒருத்தனும் தைத்துத் தரமாட்டான். வீரவநல்லூர் டெய்லரிடமே கேட்டுவிட்டேன்.

அன்புடன்.