மலேசியாவில் தமிழ் எழுத்தாளராக வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கேட்டிருப்பவருக்கு வயது 24, கோலாலம்பூரில் கணக்கு வேலை. பத்துப் பன்னிரண்டு சிறுகதைகள் கையில் இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா, சேமிப்பில் இருக்கும் காசைப் போட்டு முதல் தொகுப்பை இந்த வருடமே அச்சடிக்கலாமா என்று கேட்கிறார்.

வேலையை விடாதீர்கள். தமிழில் சிறுகதை எழுதி வீட்டு வாடகை கட்டுகிற ஒருவரை இந்த ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை. என் வீட்டு அரிசி பருப்பு மலாயிலிருந்து தமிழுக்குச் செய்யும் மொழிபெயர்ப்பிலும் தொலைக்காட்சி சப்டைட்டிலிலும் வருகிறது. அதுவும் எழுத்துதான். மூன்று விநாடியில் படித்து முடிக்க முடியாத வரி திரையில் நிற்காது என்பதால், தேவையில்லாத சொல்லை வெட்டுவதற்கு என் கை அங்கேதான் பழகியது.

புத்தக விஷயத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நானும் அந்த அவசரத்தில்தான் முதல் தொகுப்பைப் போட்டேன்.

நம் ஊரில் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண்டபம், தமிழ் வாழ்த்து, பொன்னாடை, முதல் நூலைப் பெற ஒரு பிரமுகர், அப்புறம் வரிசையில் வந்து கையில் உறையைத் திணிக்கும் சொந்தபந்தம். 20 வெள்ளி, அதாவது 20 ரிங்கிட், விலையுள்ள புத்தகத்துக்கு 50 வெள்ளி வைத்துவிட்டு மீதியைக் கேட்காமல் போவார்கள். அந்த அன்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். அச்சுக்கூலி அன்று மாலையே திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஆறு மாதம் போயும் ஒரே ஒரு கதையைப் பற்றிக்கூட யாரும் என்னிடம் பேசவில்லை. எனக்காக வாங்கியவர்கள் அவர்கள். படிப்பதற்காக வாங்கியவர்கள் இல்லை.

ஏழாவது மாதம் ஒரு போன் வந்தது. பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடையில், சந்தித்தோம். மேசையைத் துண்டால் துடைத்துவிட்டு என் புத்தகத்தை வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. ஒரு கதையில் ‘அவள் மனம் வெதும்பினாள்’ என்று எழுதியிருந்தேன். அதன் கீழே இரண்டு கோடு.

“ஏம்மா, இது உங்க அம்மாதானே?”

“ஆமாங்கய்யா.”

“அன்னைக்கு அவங்க கையில என்ன இருந்துச்சு?”

என் அம்மா பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருபது வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவர். அந்தத் தொழிற்பேட்டை 1972இல் வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அங்கேதான் வேலைக்குப் போனார்கள். காலையில் தொழிற்சாலை பஸ் இறக்கிவிட்டதும் அம்மா நேராக வீட்டுக்குள் வரமாட்டார். வாசல்படியில் உட்கார்ந்து விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். இரவு முழுக்க ரப்பர் விரலுறை போட்டு வேலை செய்ததில் விரல்நுனிகள் தண்ணீரில் ஊறிய மொச்சை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். அப்பா வேலையை விட்டுவிட்டார் என்று தெரிந்த காலையிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். இதை அப்படியே ஐயாவிடம் சொன்னேன். அவர் பென்சிலை என் பக்கம் தள்ளினார். “இதை ஏம்மா எழுதல?”

ஐந்து வருடம் எழுதியதில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்த அரை மணி நேரம்தான். அந்தக் கதையைத் திரும்ப எழுதினேன், நான்கு முறை. புத்தகம் போடுவதற்கு முன்னால் அவரைப் பார்த்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

இப்படி ஆள் வைத்துக் கற்பது இந்த நாட்டுத் தமிழ் எழுத்துக்குப் புதிதல்ல. 1950 வாக்கில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். புதியவர்கள் கதை எழுதி அனுப்புவார்கள், இவர்கள் மதிப்பிட்டுச் சொல்வார்கள். இந்நாட்டுச் சிறுகதையின் வளர்ச்சியைப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த வகுப்பைச் சொல்லாமல் கடப்பதில்லை. 1924இல் தொடங்கிய அந்த நாளிதழே 2019இல் நின்றுவிட்டது. ஆகவே வகுப்பை நாமாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மற்றத் தமிழ் நாளிதழ்களின் ஞாயிற்றுப் பதிப்புகளுக்கு அனுப்புங்கள். என் முதல் கதைக்கு ஒரு காசும் வரவில்லை, ஆனாலும் அச்சில் பார்த்தபோதுதான் எந்தப் பத்தி தேவையில்லை என்று கண்ணில் பட்டது. ‘வல்லினம்’ போன்ற இணைய இதழ்களை விடாமல் வாசியுங்கள். கதைகளோடு விமர்சனங்களையும் சேர்த்து. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை பல வருடங்களாக நடத்திவரும் சிறுகதைப் போட்டிக்கும் எழுதுங்கள். பரிசு வராவிட்டால் பரவாயில்லை. தேர்வான கதையை உங்கள் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், வலிக்கும், ஆனால் பலன் உண்டு. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கதையைப் போட்டு வாங்கும் கைகூப்பும் படங்களை மட்டும் கருத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாதோ என்று ‘வெள்ளி’யை ‘ரூபாய்’ ஆக்காதீர்கள், ‘பசியாறினான்’ என்பதைச் ‘சிற்றுண்டி அருந்தினான்’ என்று மாற்றாதீர்கள். பட்டர்வொர்த்தில் பிறந்த ஆள் மதுரைக்காரர் மாதிரி பேசினால், கதையில் அவர் சொல்லும் எதையுமே வாசகர் நம்பமாட்டார்.

புத்தகம் போடும் நாள் வந்தால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது புத்தகத்துக்கான உலக அடையாள எண்ணை, ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்திடம் அச்சுக்குப் போகும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். அச்சானதும் 5 பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும், 1986ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிப்புரிமை எழுதிய கணமே உங்களுடையது, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 50 ஆண்டுக்கும். யாராவது பதிப்பாளர் ஒப்பந்தத் தாளை நீட்டினால், உரிமையை மொத்தமாக எழுதிக் கேட்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஐயா இப்போது இல்லை. நாங்கள் நான்கு பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு செந்தூலில் கூடுகிறோம். ஆளுக்கொரு கதை, தாளில் அச்செடுத்து, பென்சிலோடு. எழுதியவர் முதல் அரை மணி நேரம் வாய் திறக்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி. உங்கள் பன்னிரண்டு கதைகளில் உங்களுக்கே சந்தேகமாக இருக்கும் கதை எதுவோ, அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.