ஃபெரெட்டின் வாலில் முடி கொட்டுகிறது, ஷாம்பு மாற்றினால் சரியாகிவிடுமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தில் வளரும் உங்கள் 4 வயது ஆண் ஃபெரெட்டுக்கு (கீரி போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) வாலில் தொடங்கி முதுகு வரை முடி உதிர்கிறது என்றால் ஷாம்பு உதவாது. முதலில் சந்தேகிக்க வேண்டியது அட்ரினல் நோய். சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரினல் சுரப்பி பெருத்து, பாலியல் ஹார்மோன்களை அளவுக்கு மீறிச் சுரக்கும். நாய்க்கு வரும் குஷிங் நோயில் கூடுவது கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன்; இது வேறு. கருத்தடை செய்த ஃபெரெட்டுகளிடம் இது அதிகம். விதைகள் இல்லாததால் மூளையின் தூண்டுதலை அடக்க ஆளில்லை, அது ஓயாமல் அட்ரினலை முடுக்குகிறது.

ஆண் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள்: சிறுநீர்ப்பையை ஒட்டியுள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதையை அடைக்கலாம். முக்கியும் சிறுநீர் வரவில்லையா? நள்ளிரவானாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சிகிச்சை என்றால் அறுவை, அல்லது தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற, மூளையின் அந்தத் தூண்டுதலை அடக்கும் மருந்து. 4.7 மில்லிகிராம் மருந்து பெரும்பாலும் 8 முதல் 20 மாதம் வரை தாங்கும். முடி திரும்ப முளைக்கும், ஆனால் அட்ரினலில் உள்ள கட்டி கரைந்துவிடாது. எல்லா கிளினிக்கிலும் ஃபெரெட் பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம், முடி கொட்டியிருந்தாலும் கோலாலம்பூர் வெயில் அதற்கு ஆகாது. அறை 27 டிகிரியைத் தாண்டாமல் ஏர்கோன் ஓடட்டும். நீண்ட நேர வெளிச்சமும் இந்நோயைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. இரவில் கூண்டருகே விளக்கு வேண்டாம்.