கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் முள்ளங்கி ஊறுகாய் கெடாமல் போடுவது எப்படி?

வெயிலில் காயவைக்க இடமில்லை, மூன்றாம் நாளே கொழகொழவென்று ஆகி நாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். யூடியூபில் யாரோ சொன்ன "இரண்டு நாள் வெயிலில் வைக்கவும்" குறிப்பைப் பின்பற்றியிருப்பீர்கள். அது மதுரை வெயிலுக்குச் சரி. இங்கே காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும், சாயங்காலம் ஆனால் மழை. பால்கனியில் வைத்தது காய்வதற்குள் புளித்துவிடும். உங்கள் கைப்பக்குவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முள்ளங்கியில் நூற்றுக்கு 94, 95 பங்கு தண்ணீர்தான். அதை முதலிலேயே எடுக்காவிட்டால் பாட்டிலுக்குள் போன பிறகு உப்பு இழுத்து வெளியே விடும். உப்பு, புளிப்பு இரண்டும் நீர்த்துப்போகும், கெடுவது அங்கேதான் ஆரம்பம்.

பசாரில் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். இலை வெட்டிய காம்பின் உள்பக்கம் வெள்ளைப் பஞ்சாகத் தெரிந்தால் கிழங்கும் உள்ளே பஞ்சுதான், அதில் என்ன செய்தாலும் மொறுமொறுப்பு வராது. தோலைத் தாராளமாகச் சீவுங்கள், காரமும் கசப்பும் அதில்தான் அதிகம். இலைப் பக்கம் இனிப்பு, வால் பக்கம் காரம். இரண்டையும் கலந்து போடுங்கள்.

தோல் சீவிய முள்ளங்கி 1 கிலோவுக்கு உப்பு 30 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் "உப்பு தேவையான அளவு" என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு ஆகவே ஆகாது. குழம்புக்கு அது சரி, ருசி பார்த்துச் சேர்க்கலாம். ஊறுகாயில் உப்புதான் காவல், அதை ஊகத்துக்கு விட முடியுமா? புதிதாகச் சமைக்க வரும் பிள்ளைகள் இதனால்தான் பயந்து ஓடுகிறார்கள்.

சுண்டுவிரல் பருமனுக்கு நறுக்கி, உப்புப் பிசறி 2 மணி நேரம் விடுங்கள். ஒரு கப்புக்கு மேல் தண்ணீர் விடும். மெல்லிய துணியில் கட்டி இறுக்கிப் பிழியுங்கள். உப்புக் கரிக்குமே என்று திரும்பத் தண்ணீரில் அலசாதீர்கள், எடுத்த தண்ணீரை நீங்களே திருப்பி ஊற்றுகிற வேலை அது.

காயவைக்க வெயில் வேண்டாம். ஏர்கான் ஓடும் அறையில் தட்டில் பரப்பி, மின்விசிறியை நேராகத் திருப்பி ராத்திரி முழுக்க விடுங்கள். ஏர்கான் ஈரத்தை உறிஞ்சுவதால் பால்கனியைவிட நன்றாகவே காயும். ஓவன் இருந்தால் 80 டிகிரியில் வைத்து, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, ஒன்றரை மணி நேரம். 1 கிலோ ஏறக்குறைய அரைக் கிலோவுக்கு இறங்க வேண்டும். ஒரு துண்டை எடுத்து வளையுங்கள். படக்கென்று ஒடிந்தால் ஈரம் இருக்கிறது. தோல்வார் மாதிரி வளைந்து கொடுத்தால் போதும்.

நல்லெண்ணெய் 150 மில்லி காயவைத்து, கடுகு பொரிந்ததும் பெருங்காயம் போட்டு அடுப்பை அணையுங்கள். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் மிளகாய்த்தூள் 40 கிராம், மஞ்சள் ஒரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி. சூட்டோடு போட்டால் தூள் கருகிக் கசந்துவிடும். பிறகு முள்ளங்கி, கடைசியாக சுக்கா (வினிகர்) 100 மில்லி. சுக்கா பாட்டிலில் அசிட்டிக் அமிலம் 5 விழுக்காடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

"எங்கள் பாட்டி சுக்காவைத் தொட்டதே இல்லை" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். பாட்டி உப்பை அள்ளிப் போட்டார், சுள்ளென்ற வெயிலும் இருந்தது. இன்று ரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பைக் குறைக்கிறோம். குறைத்த இடத்தைப் புளிப்புதான் நிரப்ப வேண்டும். எலுமிச்சைச் சாறு பிடிக்குமென்றால் அதே அளவு ஊற்றுங்கள், தடையில்லை. ஆனால் பூண்டு சேர்ப்பவர்கள் புளிப்பை விடவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள், அமிலம் குறைந்த இடத்தில், பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால்தான் அது அடங்கும். இந்த ஊறுகாயைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

நாற்றம் பற்றி ஒரு வார்த்தை. மூடியைத் திறந்ததும் கப்பென்று கந்தக வாடை வருவது முள்ளங்கியின் இயல்பு. நறுக்கும்போது உண்டாகும் காரப்பொருள் சிதைவதால் வருவது அது. ஜப்பானியர்களின் முள்ளங்கி ஊறுகாயான தக்குவான் தானாகவே மஞ்சளாவதும் இதனால்தான். கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் வாடை அடங்கும். வழவழப்பு, பூசணம், மூடி உப்பிக்கொண்டு நுரை கிளம்புவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

கண்ணாடி பாட்டிலை 10 நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, சொட்டு ஈரமில்லாமல் காயவையுங்கள். வெறும் தகர மூடி சுக்கா பட்டால் துருப்பிடிக்கும். உள்ளே பூச்சுள்ள மூடியோ பிளாஸ்டிக் மூடியோ நல்லது. மூன்று நாள் ஊறினால் ருசி பிடிக்கும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். காலி ஐஸ்கிரீம் டப்பாவில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், மூடி இறுக மூடாது.