மூன்றாம் முறை வேண்டாம், அம்மா

உங்கள் கடிதத்தில் கனடா மாமா சொன்னதே இரண்டு பக்கம்; மகளைப் பற்றி நான்கு வரி. உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் இரண்டு முறை எழுதியும் மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்திய புள்ளி) போதவில்லை. மூன்றாம் முறையும் எழுதட்டும், ரியூஷன் காசு தருகிறேன் என்கிறார் மாமா. காசு அவருடையது, போகிற வருடம் பிள்ளையுடையது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த நான்கு வரிக்குக் கீழே மகள் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? சனசமூக நிலைய வாசிகசாலைக்கு ஜாவாவில் ஒரு நிரல் எழுதியிருக்கிறாள். பதிவேட்டு நூல்களையும் அலுமாரியில் எண்ணிய நூல்களையும் இரண்டு லிஸ்டாக வைத்து ஒப்பிட்டால் 'சமமில்லை' என்று வந்ததாம். லிஸ்டுக்கு வரிசையும் பொருந்த வேண்டும் என்று கண்டு, வரிசை பார்க்காத ஹாஷ்செட் என்ற தொகுப்புக்கு மாறினாள். அப்போதும் 'சமமில்லை'. நூலுக்கென்று தான் எழுதிய வகுப்பில் (கிளாஸில்), எது எதற்குச் சமம் என்று சொல்லும் ஈக்குவல்ஸ் இல்லாததால், ஒரே தலைப்புள்ள இரண்டு பொருள்களையும் ஜாவா வேறு வேறாகவே பார்த்தது. அதை எழுதினாள், பொருளை எந்த அறையில் வைப்பது என்று காட்டும் ஹாஷ் எண்ணைத் தருகிற ஹாஷ்கோடை விட்டுவிட்டாள். சமமான பொருள்கள் ஒரே ஹாஷ் எண்ணைத் தராவிட்டால் ஹாஷ்செட் வேறு அறையில் தேடிவிட்டுக் கைவிரித்துவிடும். அதையும் சேர்த்த பிறகுதான் 'சமம்' என்று வந்தது.

அந்த விடையையும் அவள் நம்பவில்லை. பதிவேட்டில் இரண்டு பிரதி இருந்து, அலுமாரியில் ஒன்று தொலைந்திருந்தால்? ஹாஷ்செட் இரட்டிப்பை ஏற்காது. இரண்டு பக்கமும் ஒன்றென்றே கொண்டு 'சமம்' என்றுவிடும். தலைப்புக்கு எதிரே எண்ணிக்கையைக் குறித்து வைக்கும் மேப்பில், எத்தனை பிரதி என்று எண்ணி ஒப்பிட வேண்டும் என்று முடித்திருக்கிறாள்.

மென்பொருள் சோதனையாளரின் வேலையே இதுதான். வரவேண்டிய தரவையும் வந்த தரவையும் ஒப்பிடுவது, வரிசை முக்கியமா, இரட்டிப்பு முக்கியமா என்று முடிவெடுப்பது, சரியென்று வந்ததையும் சந்தேகிப்பது. நம் ஊரில் கணினி என்றால் நிரல் எழுதுபவர் மட்டுமே நினைவுக்கு வருகிறார். இந்த வேலையைச் சொல்லி எந்தச் சித்தப்பாவும் பெருமைப்படுவதில்லை.

படிப்புக்கு, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து படிக்கலாம். முதலாம் ஆண்டோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு உயர் டிப்ளோமா. ஆங்கில வழி என்பதால் முதல் ஆண்டு கஷ்டமாகவே இருக்கும். விண்ணப்பிக்கிற ஆண்டுக்கான தகுதியையும் கட்டணத்தையும் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் பட்டத்துக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். ஜாவா நிரல் எழுதத் தேவையான ஓபன் ஜேடிகே மென்பொருள் இலவசம். மாமாவுக்கு உதவத்தான் வேண்டுமென்றால் ஒரு மடிக்கணினி வாங்கித் தரட்டும்.