மாசி முதல் சித்திரை வரை ஊர்ப் பறவைகளைப் படமெடுக்க 300 மி.மீ. லென்ஸ் போதுமா?

போதும். 600 இல்லாமல் களத்தில் இறங்கவே கூடாது என்பவர்கள் கீழே கருத்துப் பெட்டிக்கு வருவார்கள், வரட்டும்.

உங்களிடம் இருப்பது ஏபிஎஸ்-சி (முழுச் சட்டத்தைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 70-300 லென்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். 10 மீட்டர் தள்ளி நின்றால் 300 மி.மீ.-இல் படத்தின் அகலத்துக்குள் 78 செ.மீ. அடங்கும். 10 செ.மீ. தேன்சிட்டு அதில் எட்டில் ஒரு பங்குதான். அதுவே 5 மீட்டர் என்றால் கால் பங்கு. 24 மெகாபிக்சலில் சுமார் 1,500 பிக்சல். சிறகின் இழை தெரிய அது தாராளம்.

அந்த 5 மீட்டருக்குப் பறவையின் பின்னால் ஓடாதீர்கள். மாசியில் முள்ளிலவு, கல்யாண முருங்கை, பிறகு புரசு என்று பூத்த மரம் ஒன்றைப் பிடியுங்கள். மொட்டை மாடி உயரத்துக்குக் கிளை வருகிற மரமாக இருந்தால் இன்னும் நல்லது. கீழிருந்து எடுத்தால் வெளுத்த வானத்தில் பறவை கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை (ஒளி அளவை) +1 கூட்ட வேண்டிவரும். கூட்டினால் சிவப்பு இதழ் வெடித்து, நரம்பில்லாத வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமில் (ஒளி அளவு வரைபடத்தில்) சிவப்பு நிறத்துக்கான வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டினால் -2/3 குறையுங்கள். ஜேபெக் வேண்டாம், ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

ஷட்டர் வேகம் 1/1250 நொடி, பறக்கும்போது 1/2000. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) ஆட்டோ, உச்சம் 3200. ஃபோகஸ் ஒற்றைப் புள்ளி. அகலப் பரப்பில் வைத்தால் முன்னால் இருக்கும் பூவைத்தான் பிடிக்கும். காலை ஆறரை முதல் எட்டரை வரை, வெயில் உங்கள் முதுகில் விழவேண்டும். ஊதாத் தேன்சிட்டு ஆணின் மினுமினுப்பு அப்போதுதான் தெரியும். பக்கவெளிச்சத்தில் வெறும் கறுப்புக் குருவி. ஒன்பதுக்கு மேல் மாடித் தளத்திலிருந்து கிளம்பும் கானலுக்கு எந்த லென்ஸிலும் மருந்தில்லை.

சித்திரையில் பூ தீர்ந்ததும் தண்ணீர்தான். அகலமான மண் தட்டு, 3 செ.மீ. ஆழம், நடுவில் ஒரு கல். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு ஃபோகஸை அதில் நிறுத்துங்கள். பெரும்பாலும் முதலில் அங்கேதான் உட்காரும். தண்ணீரைத் தினமும் மாற்றாவிட்டால் கொசுப்புழு.

கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். "இடைஞ்சலாக ஒரே ஒரு இலை" என்று கிள்ளுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. குஞ்சுக்கு நிழல் அந்த இலைதான், காக்கை, செண்பகப் பறவை கண்ணில் படாமல் மறைப்பதும் அதுதான். கைபேசியில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் இதில் சேர்த்தி. உபதேசம் செய்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். கடையில் லென்ஸோடு தலையில் கட்டும் மலிவு யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள். "300-இல் படம் மொழுக்கென்று வருகிறது" என்று இங்கே புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்தக் கண்ணாடித் துண்டுதான் காரணம் என்பது என் சந்தேகம். பாதுகாப்புக்கு லென்ஸ் ஹுட் (லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு வளையம்) போதும்.